கால்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

அழகு நிலையங்களில் பணியாற்றுவோர் தமக்கேற்ற ஸ்டூலையும் கால்தாங்கியையும் தேர்ந்தெடுக்கும் முறை

அழகு நிலையம் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். வாடிக்கையாளர் அமரும் நாற்காலிக்குச் சாய்மானம் உண்டு; கைப்பிடி உண்டு; உயர்த்தவும் தாழ்த்தவும் மிதி உண்டு; பாதங்களை வைத்துக்கொள்ளக் கால்தாங்கியும் உண்டு. அரை மணி நேரம் அமர்ந்து எழுந்து செல்பவருக்கு இத்தனை வசதிகள். அந்த நாற்காலியைச் சுற்றி நாள் முழுவதும் பணியாற்றுபவருக்கோ, பல இடங்களில் ஒரு ஸ்டூல்கூட இருப்பதில்லை. இருக்கும் இடங்களிலும், அதில் ஏறி அமர்ந்தால் கால்கள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயும் மகளும் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வந்தனர். தாய்க்கு வயது 48. இருபது ஆண்டுகளாக அழகுக்கலைஞராகப் பணியாற்றுபவர். மாலையானால் இரு கணுக்கால்களும் வீங்கிவிடும்; இடது கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. வெரிகோஸ் வெயின் என்று பலரும் அறிந்திருக்கும் சுருள்சிரை நோய் அது. "நீண்ட நேரம் நிற்காதீர்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, மகள் தன் சம்பளத்தில் உயரமான சுழல் ஸ்டூல் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்று வாரங்கள் கழிந்தன. வீக்கம் குறையவில்லை. போதாக்குறைக்குத் தொடையின் பின்புறம் மரத்துப்போவதும், இடுப்பு வலியும் புதிதாகச் சேர்ந்துகொண்டன.

"உட்கார்ந்தாலும் வலிக்கிறது, நின்றாலும் வலிக்கிறது. அம்மா வேலைக்குப் போகக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர்" என்றார் மகள்.

"நான் போகாவிட்டால் வீட்டு வாடகையை யார் கட்டுவது?" என்றார் தாய், மருத்துவரைப் பாராமல் மகளைப் பார்த்து.

வேலையை விடவும் முடியாது, வலியோடு தொடரவும் முடியாது என்ற இந்த நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்காகவே இக்கட்டுரை. அந்தத் தாய்க்கு நல்ல ஸ்டூல் கிடைத்திருந்தது. ஆனால் அவருடைய பாதங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அமர்வதற்கு இருக்கை எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை பாதங்களுக்கான தாங்கியும். அதை அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல விரும்புவது.

நிற்கும் கால்களில் நிகழ்வது என்ன?

இதயத்திலிருந்து புறப்படும் குருதி தமனிகள் வழியே பாதம் வரை எளிதாக இறங்கிவிடுகிறது. அது மீண்டும் மேலேறி இதயத்தை அடைவதுதான் கடினம். சிரைகளில் ஒருவழிக் கதவுகளைப் போன்ற வால்வுகள் உள்ளன. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிய, குருதி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அது திரும்பி இறங்காதபடி வால்வுகள் மூடிக்கொள்கின்றன. இதனாலேயே கெண்டைக்கால் தசையை மருத்துவர்கள் 'இரண்டாம் இதயம்' என்று அழைப்பதுண்டு.

அசையாமல் நின்றால் இந்த இரண்டாம் இதயம் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. அப்போது கணுக்கால் அருகில் சிரைகளின் அழுத்தம் சுமார் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. வால்வுகள் நலமாக உள்ள ஒருவர் நடக்கத் தொடங்கினால், சில அடிகளிலேயே அது சுமார் 30 அளவுக்கு இறங்கிவிடும். ஒரே இடத்தில் நின்று புருவம் திருத்துவதும், முடி வெட்டுவதும், சாயம் பூசுவதும் நடையல்ல. நாள் முழுவதும் கடையில் 'நடமாடியது' போலத் தோன்றினாலும், கால்களின் கணக்கில் அது பெரும்பாலும் நிற்றலே. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு அழுத்தம் நீடிக்கையில், சிரைகள் விரிந்து வால்வுகள் தளர்கின்றன.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியும் அன்று. தொழில்சார் நோய் மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்சினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நின்று பணிபுரிவோரின் கால்களில் சிரைகள் புடைப்பதையும் புண்கள் தோன்றுவதையும் பதிவு செய்திருக்கிறார்.

அமர்ந்துவிட்டால் போதாதா?

நிற்பதைவிட அமர்வதில் கால்களின் சுமை குறைகிறது என்பது உண்மை. ஆயினும் அழகுக்கலைப் பணியில் ஒரு சிக்கல் உண்டு. கைகள் வேலை செய்யும் இடம் உயரமானது. படுத்திருப்பவரின் முகமோ, மேசைமீது நீட்டப்பட்ட கையோ தரையிலிருந்து வெகுவாக மேலே இருக்கிறது. அந்த உயரத்திற்குக் கைகள் எட்ட வேண்டுமானால் ஸ்டூலை உயர்த்தியாக வேண்டும். ஸ்டூலை உயர்த்தினால் பாதங்கள் தரையை விட்டு மேலெழும்பிவிடும்.

பாதங்கள் தொங்கும்போது மூன்று தீங்குகள் நேர்கின்றன.

முதலாவது, காலின் எடை முழுவதும் இருக்கையின் முன்விளிம்பில் தொங்குகிறது. அந்த விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்துவதால் நரம்புகளும் சிரைகளும் நெருக்குண்டு, கால் மரத்துப்போகிறது, வீக்கம் கூடுகிறது.

இரண்டாவது, தொங்கும் காலைத் தாங்க உடல் தானே வழி தேடுகிறது. இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, கால்விரல் நுனிகளால் தரையை எட்டிப் பிடிக்கிறோம். இல்லாவிட்டால் ஸ்டூலின் சக்கரக் கால்களில் பாதத்தைச் செருகிக்கொள்கிறோம். இரண்டிலும் முதுகு சாய்மானத்தை விட்டு விலகி, இடுப்பு வளைந்துபோகிறது. எங்களிடம் வந்த தாய்க்குப் புதிதாகத் தோன்றிய இடுப்பு வலிக்கு இதுவே காரணமாக இருந்தது.

மூன்றாவது தீங்கைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொங்கும் பாதத்திற்கு ஊன்றி மிதிக்க ஓர் இடமில்லை. பாதம் எதன்மீதாவது ஊன்றியிருந்தால்தான் குதிகாலை உயர்த்தியும் இறக்கியும் கெண்டைக்கால் தசையை நன்கு இயக்க முடியும். ஆகவே கால்தாங்கி என்பது ஓய்வுக்கான இடம் மட்டுமன்று. இரண்டாம் இதயம் இயங்குவதற்கான மேடையும் அதுவே.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

கடைக்குச் செல்லும் முன் தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைத் தானே அளந்துகொள்வது கடினம். வீட்டிலுள்ள ஒருவர் உதவ வேண்டும். அளக்க வேண்டியவை மூன்று.

1. வேலையின் உயரம்: கைகள் இயங்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஃபேஷியல் செய்பவராயின் படுக்கையின் உயரத்தை அளக்கக் கூடாது. அதில் ஒருவரைப் படுக்கவைத்து, அவருடைய முகத்தின் உயரத்தை அளக்க வேண்டும்.

2. முழங்கையின் உயரம்: கெட்டியான இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்து, மேற்கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்க வேண்டும். இருக்கையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை அளக்க வேண்டும்.

3. முழங்கால் மடிப்பின் உயரம்: வேலை செய்யும்போது அணியும் காலணியுடன் அமர்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்புற மடிப்பு வரை அளக்க வேண்டும்.

இனிக் கணக்கு எளிது. வேலையின் உயரத்திலிருந்து முழங்கையின் உயரத்தைக் கழித்தால் இருக்கையின் உயரம் கிடைக்கும். இருக்கையின் உயரத்திலிருந்து முழங்கால் மடிப்பின் உயரத்தைக் கழித்தால் கால்தாங்கியின் உயரம் கிடைக்கும்.

எங்களிடம் வந்த தாயின் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். வேலையின் உயரம் 75 செ.மீ.; முழங்கையின் உயரம் 21 செ.மீ. ஆகவே இருக்கை 54 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும். அவருடைய முழங்கால் மடிப்பின் உயரம் 39 செ.மீ. எனவே பாதங்களுக்கும் தரைக்கும் இடையில் 15 செ.மீ. வெற்றிடம். மூன்று வாரங்களாக அவரை வருத்தியது அந்த 15 செ.மீ.தான்.

மெத்தை வைத்த இருக்கை அமர்ந்ததும் சற்றே அமிழும். ஆகவே கணக்கில் வந்த உயரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அமர்ந்து பார்த்து ஓரிரு செ.மீ. கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம். சரியான உயரத்தில் அமர்ந்தால் தோள்கள் தூக்கிக்கொண்டிருக்கமாட்டா; தொடைகள் தரைக்கு இணையாகவோ, முழங்கால் பக்கம் சற்றே தாழ்ந்தோ இருக்கும்; உள்ளங்கால் முழுவதும் தாங்கியின்மீது படியும்; இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய இடமிருக்கும்.

வளையமா, பலகையா?

கால்தாங்கிகளில் பரவலாகக் கிடைப்பவை இரு வகை. ஸ்டூலின் நடுத்தண்டில் பொருத்தப்பட்ட வட்ட வளையம் ஒன்று. தரையில் தனியே வைக்கும் பலகை மற்றொன்று. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வேலையைப் பொறுத்தே அது அமையும்.

வாடிக்கையாளரைச் சுற்றி நகர்ந்துகொண்டே செய்யும் வேலைக்கு வளையம் ஏற்றது. ஸ்டூல் உருளும் இடமெல்லாம் வளையமும் உடன் வரும். வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். வளையத்தின் உயரத்தைத் தனியே மாற்ற முடிய வேண்டும். இருக்கை ஏறி இறங்கும்போது வளையம் கீழேயே நின்றுவிடும் வகையும் உண்டு. அதில் இருக்கையை மாற்றும் போதெல்லாம் வளையத்தையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அடுத்து, வளையத்தை இறுக்கும் திருகு உறுதியாக இருக்க வேண்டும். பாதம் வைத்ததும் வழுக்கி இறங்கும் வளையத்தால் பயனில்லை. மூன்றாவதாக, வளையத்தின் குழாய் மிக மெல்லியதாக இருக்கக் கூடாது. மெல்லிய குழாய் உள்ளங்காலின் நடுவில் கோடுபோல் அழுத்தும். தட்டையான, அகலமான வளையமே மேல்.

வளையத்தின்மீது ஏறி நிற்பதும், அதைப் படியாக மிதித்து ஸ்டூலில் ஏறுவதும் கூடவே கூடாது. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஸ்டூல் கவிழ்ந்துவிடும். ஸ்டூலின் அடிக்கால்கள் நான்கைவிட ஐந்தாக இருப்பதும், வளையத்தைவிட அகலமாகப் பரந்திருப்பதும் பாதுகாப்பானவை.

ஓரிடத்தில் அமர்ந்து நெடுநேரம் செய்யும் வேலைக்குப் பலகையே ஏற்றது. ஃபேஷியல் படுக்கையின் தலைமாட்டில் அமர்வது, மேசையருகே அமர்ந்து நகங்களைச் செம்மைப்படுத்துவது, மருதாணி இடுவது ஆகியவை இத்தகையவை. பலகையில் உள்ளங்கால் முழுவதும் படியும்; பாதங்களை முன்னும் பின்னும் மாற்றி வைத்துக்கொள்ளலாம்; குதிகாலை உயர்த்தி இறக்கலாம். உயரத்தை மாற்றக்கூடிய, சற்றே சாய்வான கால்தாங்கிகள் அலுவலகப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் பல உயரம் குறைந்தவை. உங்கள் கணக்கில் வந்த உயரத்தை எட்டுகின்றனவா என்று பார்த்த பின்பே வாங்குங்கள்.

தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வதும் நல்ல வழியே. நம் வீடுகளில் மணை செய்யும் முறையிலேயே, ஏறத்தாழ 45 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும், அளந்து கண்ட உயரமும் உடையதாகச் செய்யலாம். மேலே வழுக்காத ரப்பர் விரிப்பு ஒட்டப்பட வேண்டும். அடியிலும் ரப்பர் பொருத்தப்பட வேண்டும். நீரும் சாயமும் சிந்தும் இடமாதலால், துணியோ கம்பளமோ போர்த்தாமல், துடைத்தால் தூய்மையாகும் மேற்பரப்பாக இருப்பது நலம்.

பலகையைப் பயன்படுத்துவோர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஸ்டூல் உருளும், பலகை உருளாது. பலகையைக் காலால் அழுத்தும்போது சக்கரமுள்ள ஸ்டூல் பின்னோக்கி நழுவும். எனவே பலகையுடன் பயன்படுத்தும் ஸ்டூலில் சக்கரங்களுக்குப் பூட்டு இருக்க வேண்டும். அல்லது சக்கரங்களுக்கு மாற்றாக ரப்பர் அடிகள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். படுக்கையின் அடியில் வாளி, புட்டிகள், துண்டுகள் எனப் பொருள்களை அடைத்து வைத்திருந்தால் அவற்றை அப்புறப்படுத்துங்கள். பாதமும் பலகையும் உள்ளே செல்ல இடமில்லாவிட்டால், உடல் முன்னோக்கி வளைந்தே தீரும்.

இருக்கையில் பார்க்க வேண்டியவை

இருக்கையின் முன்விளிம்பு கூராக இல்லாமல் கீழ்நோக்கி மழுங்கி வளைந்திருக்க வேண்டும். கீழ்முதுகைத் தாங்கும் சிறிய சாய்மானம் இருப்பது நல்லது. குதிரைச் சேணம் போன்ற வடிவில் வரும் ஸ்டூல்களில் தொடைகள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், பாதங்கள் பெரும்பாலும் தரையை எட்டிவிடும், கால்தாங்கி வேண்டியிராது. ஆனால் கால்களை அகட்டி அமரும் அமைப்பாதலால் புடவை அணிவோருக்கு அது ஒத்துவராது.

புடவையும் துப்பட்டாவும் அணிவோர் சக்கரங்களைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தாழ்ந்து தொங்கும் ஓரம் சக்கரத்தில் சிக்கினால், எழும்போது தடுக்கி விழ நேரும். வழவழப்பான ஓடு பதித்த தரைக்குக் கடினமான பிளாஸ்டிக் சக்கரங்களைவிட மென்மையான ரப்பர் வகைச் சக்கரங்களே ஏற்றவை. வெட்டிய முடி சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது அதை அகற்றிவிடுங்கள்.

கடையில் ஸ்டூலைப் பார்த்தவுடனே பணம் செலுத்திவிடாதீர்கள். பத்து நிமிடங்களாவது அமர்ந்து, கைகளை வேலை செய்வது போல நீட்டிப் பாருங்கள். தொடையில் விளிம்பு உறுத்துகிறதா, பாதம் தானாக வேறிடம் தேடுகிறதா என்று கவனியுங்கள். பாதம் இடம் தேடினால் அந்த உயரம் சரியில்லை என்று பொருள்.

நின்றே செய்ய வேண்டிய வேலைகள்

எல்லா வேலைகளையும் அமர்ந்து செய்துவிட முடியாது. முடி வெட்டவும் புருவம் திருத்தவும் நிற்க நேரும்போது, 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள சிறு பலகை ஒன்றைக் காலருகே வைத்துக்கொள்ளுங்கள். அதன்மீது ஒரு பாதத்தை வைத்து நின்றால் கீழ்முதுகின் வளைவு தளர்ந்து இடுப்புக்கு இதமாக இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை காலை மாற்றிக்கொள்ளுங்கள். நடமாடும் வழியில் அப்பலகை இருக்கக் கூடாது; வேலை முடிந்ததும் ஓரமாகத் தள்ளிவிட வேண்டும்.

வாடிக்கையாளரின் நாற்காலியில் உள்ள மிதியையும் பயன்படுத்துங்கள். உயரமானவரும் குள்ளமானவரும் மாறி மாறி வருகையில், நாற்காலியை உயர்த்தாமல் தம் முதுகை வளைத்துக்கொள்வோரே மிகுதி. நான்கு முறை மிதித்தால் நாற்காலி உயரும், முதுகுக்கு மிச்சம்.

பாதங்களுக்கு அழகு செய்யும் பெடிக்யூர் வேலையில் நிலைமை நேர்மாறானது. அங்கே தாழ்ந்த முக்காலியில் குந்தியவாறு அமர்கிறோம். அங்குத் தேவைப்படுவது கால்தாங்கி அன்று. வாடிக்கையாளரின் இருக்கையும் பாதமும் உயர்த்தப்படுவதே. அவரை உயரமான இருக்கையில் அமரச் செய்து, நீங்கள் உங்கள் முழங்கால் மடிப்பின் உயரத்தில் அமர்ந்தால், பாதங்கள் தாமாகவே தரையில் ஊன்றும்.

நோயுள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு உள்ளவர்கள்: நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால், குழாய் வளையம் அழுத்திப் புண்ணாக்குவதுகூடத் தெரியாமல் போகலாம். அவர்கள் வளையத்தைத் தவிர்த்து, அகலமான பலகையையே பயன்படுத்த வேண்டும். காலணி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. இரவில் உறங்கும் முன் வீட்டிலுள்ள ஒருவர் அவர்களுடைய உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்ப்பது நல்ல வழக்கம்.

சுருள்சிரை நோய் உள்ளவர்கள்: மருத்துவர் பரிந்துரைத்த அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் தோன்றும் முன்பே அணிந்துகொள்ளுங்கள். கால்தாங்கி அதற்கு மாற்றாகாது. அதுபோலவே, மருத்துவர் சொல்லாமல் காலுறையை வாங்கி அணிவதும் தவறு. காலுக்குச் செல்லும் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யும்.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும்: தாழ்ந்த முக்காலியைத் தவிருங்கள். உயரமான இருக்கையிலிருந்து எழுவது முழங்காலுக்கு எளிது. ஆயினும் எழும் முன் இரு பாதங்களையும் பலகையிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

கருவுற்ற பெண்கள்: வயிறு வளர வளர உடலின் சமநிலை மாறும். சாய்மானமில்லாத, உருளும் ஸ்டூல் அப்போது பாதுகாப்பானதன்று. நிலையான கால்களும் சாய்மானமும் கொண்ட இருக்கையோடு, தாழ்வான பலகையே போதும்.

கால்தாங்கியால் ஆகாதவை

நல்ல இருக்கையில் அசையாமல் நாள் முழுவதும் அமர்ந்திருப்பதும் நோய்க்கே வழி. அரை மணி நேரத்திற்கு ஒருமுறையாவது எழுந்து சில அடிகள் நடங்கள். அமர்ந்திருக்கையில் பலகையின்மீது குதிகால்களை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள். நண்பகலில் ஓய்வு கிடைத்தால், கால் மணி நேரம் படுத்து, கால்களை இதயத்தைவிட உயரத்தில் தலையணைமீது வைத்துக்கொள்ளுங்கள். விரிந்துவிட்ட சிரைகளைக் கால்தாங்கி பழைய நிலைக்குக் கொண்டுவராது. சுமையைக் குறைக்கவே உதவும்.

சில அறிகுறிகளுக்கு ஸ்டூலையோ பலகையையோ மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கம், கெண்டைக்காலில் வலி, வெப்பம், சிவப்பு ஆகியவை தோன்றினால், ஆழ்ந்த சிரையில் குருதி உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அதனுடன் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108 அவசர ஊர்தியை உடனே அழையுங்கள். கணுக்கால் அருகில் தோல் கறுத்துப் புண் தோன்றுதல், புடைத்த சிரையிலிருந்து குருதி கசிதல், காலில் வலுவிழப்பு, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. குருதி கசிந்தால் படுத்து, காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு அழையுங்கள்.

கேட்பதற்கு உரிமை உண்டு

"ஸ்டூல் கேட்டால் முதலாளி என்ன நினைப்பாரோ" என்ற தயக்கம் பணியாளர் பலரிடம் உண்டு. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு அமர்வதற்கான வசதி செய்து தரப்பட வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கேரளம் 2018ஆம் ஆண்டிலேயே இத்தகைய திருத்தத்தைச் செய்தது. வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கும் இடங்களும் இச்சட்டத்தில் கடை என்றே கருதப்படுவதால், அழகு நிலையங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே இருக்கை கேட்பது சலுகை கேட்பதாகாது. மருத்துவர் எழுதித் தரும் சிறு குறிப்பு ஒன்றை உடன் கொண்டு சென்றால் பேச்சு எளிதாகும்; புறநோயாளர் பிரிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயும் மகளும்

அவர்கள் இரண்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தனர். புதிய ஸ்டூல் எதுவும் வாங்கவில்லை. பழைய ஸ்டூலை 54 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி ரப்பர் அடிகளைப் பொருத்தியிருந்தனர். வீட்டருகே உள்ள தச்சர் 15 செ.மீ. உயரத்தில் பலகை ஒன்றைச் செய்து தந்திருந்தார். தொடை மரத்துப்போவது நின்றிருந்தது. இடுப்பு வலி குறைந்திருந்தது. மாலை வீக்கம் முற்றிலும் மறையவில்லை. அழுத்தக் காலுறையும் மருத்துவரின் கண்காணிப்பும் தொடர்கின்றன. சிரைகளுக்கான சிகிச்சையைப் பற்றி அடுத்த சந்திப்பில் முடிவெடுக்க இருக்கிறோம்.

"முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் அம்மா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இப்போது எங்களோடு சேர்ந்து சாப்பிடுகிறார்" என்றார் மகள்.

தாய் ஒன்றே ஒன்று கேட்டார். தம்முடன் பணிபுரியும் இரு பெண்களும் அந்தப் பலகையில் மாறி மாறிக் கால் வைத்துப் பார்க்கிறார்களாம். அவர்களுக்கும் அதே உயரம் சரியாக இருக்குமா என்றார். இராது. அவரவர் முழங்காலுக்கு அவரவர் அளவு. அளவுநாடாவைக் கொண்டுபோய் அவர்களையும் அளந்துவிடுமாறு சொல்லி அனுப்பினோம்.